லூபஸ் நோயும் எதிர்ப்பொருள் சோதனைகளும்



தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முந்திய ஒரு மாலை. பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். தெரிந்த அம்மாள் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்துச் சென்று, கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க. மகளுக்கு ரத்தத்துல லூபஸ் இருக்குன்னு வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலை" என்றார். மகளுக்கு இருபத்தாறு வயது. வேலை பார்க்கும் இடத்தில் ஆண்டுதோறும் செய்யும் உடற்பரிசோதனையோடு சேர்த்து, கூடுதலாகச் சில சோதனைகளையும் செய்துகொண்டிருக்கிறாள். தாளில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தது: "ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80."

"பிள்ளைக்கு உடம்புக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டோம். "ஒண்ணுமே செய்யலையே ஐயா, நல்லாத்தானே இருக்கா" என்றார் அந்த அம்மாள்.

அதே ஆண்டில் நமக்குத் தெரிந்த வேறொரு குடும்பத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஈசூனில் வசிக்கும், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண். பல மாதங்களாகக் கைவிரல் மூட்டுகளில் வலி; காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மூக்கின் இருபுறமும் கன்னத்தில் கருமை படர்ந்தது. "வெயில்ல அலையுறே, அதான்" என்றார் அண்ணி. வீட்டருகே ஒரு மருந்தகத்தில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். சிறுநீரில் நுரை நின்றது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கால் வீங்கியபோதுதான் பெரிய மருத்துவமனைக்குப் போனார். அதற்குள் நோய் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது.

முதல் பெண்ணின் வீட்டில் சோதனைத்தாளைக் கண்டு கலங்கினார்கள். இரண்டாவது பெண்ணுக்கு, வேண்டிய நேரத்தில் யாரும் சோதனை செய்யவில்லை. இன்றைய பேச்சில் இந்தச் சோதனைகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லா என்று பார்ப்போம்.

லூபஸ் என்பது இலத்தீன் சொல். ஓநாய் என்று பொருள். முகத்துப் புண்ணை ஓநாய்க் கடிக்கு ஒப்பிட்டு அக்காலத்தில் வைத்த பெயர். நோயைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை, ஆகையால் பெயரை விட்டுவிடுவோம். நம் உடலில் கிருமிகளை எதிர்க்கும் காவற்படை ஒன்று உண்டு. கிருமி நுழைந்தால் அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை அது உண்டாக்கும். இவற்றை எதிர்ப்பொருள்கள் என்கிறோம். ஒவ்வோர் எதிர்ப்பொருளும் பூட்டுக்கு ஏற்ற சாவியைப்போல் ஒரு குறிப்பிட்ட பொருளில் மட்டுமே பொருந்தும். லூபஸ் நோயில் இந்தப் படை தடுமாறி, சொந்த உயிரணுக்களின் உட்கருவில் உள்ள பொருள்களுக்கு எதிராகவே சாவி செய்யத் தொடங்குகிறது. இச்சாவிகளும் அவை பற்றிக்கொண்ட பொருள்களும் சேர்ந்து தோல், மூட்டு, சிறுநீரகம், நுரையீரல் உறை என்று பல இடங்களில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. நோய் கண்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள்.

இரத்தத்தில் இந்நோயின் தடயத்தை முதலில் கண்டது 1948-இல். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும், ஒரு வெள்ளணு மற்றோர் அணுவின் உட்கருவை விழுங்கி வைத்திருப்பதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதற்கு எல்.இ. அணு என்று பெயரிட்டார்கள். அதன் பின், 1957-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒளிரும் சாயத்தைக் கொண்டு எதிர்ப்பொருளையே நேராகக் காணும் முறை வந்தது. அதுவே ஏ.என்.ஏ. சோதனை. உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள் சோதனை என்று தமிழில் சொல்லலாம்.

அதை எப்படிச் செய்கிறார்கள்? கண்ணாடித் தகட்டில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். நம் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை அதன்மேல் விடுவார்கள். உட்கருவைப் பற்றும் எதிர்ப்பொருள் இருந்தால் அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்த்தால், உட்கரு இருட்டில் பச்சையாக மின்னும். அவ்வளவுதான்.

1:80 என்ற எண்ணைப் பார்த்துத்தான் பலரும் மிரளுகிறார்கள். தேக்காவில் காப்பிக் கடைக்காரர் கெட்டியான காப்பிச் சாற்றில் வெந்நீர் ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊற்ற ஊற்ற நிறம் வெளுக்கும். எத்தனை மடங்கு நீர் சேர்த்த பிறகும் நிறம் தெரிகிறதோ, அந்த அளவுக்குச் சாறு கெட்டி. ஆய்வுக்கூடத்திலும் தெளிநீரை நாற்பது, எண்பது, நூற்றறுபது, முந்நூற்றிருபது மடங்கு என்று இரட்டித்து நீர்க்கச் செய்கிறார்கள். எந்த அளவு வரையில் பச்சை ஒளி தெரிகிறதோ, அதுவே தாளில் வரும் எண். 1:80 என்பது தாழ்ந்த அளவு. 1:640 என்பது உயர்ந்த அளவு. எண் உயர உயர நோய்க்கான ஐயம் கூடும் என்பது உண்மை. ஆனால் 1:640 உள்ளவருக்கு 1:160 உள்ளவரைவிட நோய் நான்கு மடங்கு கடுமை என்று கணக்குப் போடக்கூடாது.

இங்கே நம் அண்டை நாட்டில் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடற்பாலத்துக்கு அப்பால், மலேசியாவின் சிரம்பானில் 1926-இல் பிறந்தவர் எங் மெங் டான். அமெரிக்காவுக்குச் சென்று மருத்துவம் படித்தார். 1966-இல் ஹென்றி குங்கெல் என்ற அறிஞரோடு சேர்ந்து, லூபஸ் நோயாளி ஒருவரின் இரத்தத்தில் புதியதோர் எதிர்ப்பொருளைக் கண்டார். அந்நோயாளியின் குடும்பப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கொண்டு அதற்கு எஸ்.எம். என்று பெயர் வந்தது. வேறு நோய்களில் இது காணப்படுவது மிக அரிது. ஆனால் லூபஸ் உள்ளவர்களிலும் நூற்றுக்கு இருபது, முப்பது பேரிடம்தான் இது இருக்கும். ஆகவே இருந்தால் வலுவான சாட்சி. இல்லாவிட்டால் ஒன்றும் முடிவாகாது.

அதே டான் முப்பது ஆண்டுகள் கழித்து வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார். நோயே இல்லாதவர்களைச் சோதித்தால் என்ன ஆகும்? பல நாடுகளைச் சேர்ந்த பதினைந்து ஆய்வுக்கூடங்களில், நலமாக இருந்த 125 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 1997-இல் முடிவு வெளியாயிற்று. 1:40 அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேருக்குப் பாசிட்டிவ்! 1:80-இல் 13 பேருக்கு. 1:160-இல் 5 பேருக்கு. 1:320-இல்கூட 3 பேருக்கு. இச்சோதனைத் துறையை வளர்த்தவரே அதன் வரம்பையும் எண்ணிக் காட்டியது நமக்குப் பெரிதாகப் படுகிறது. தாம் வளர்த்த கருவியின் குறையைத் தாமே அளந்து சொல்பவர்கள் அதிகம் இல்லை.

இந்த எண்களைத் தேக்காவுக்குக் கொண்டு வருவோம். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும் பெண்களில் ஆயிரம் பேரை நிறுத்தி இரத்தம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவருக்கு லூபஸ் இருப்பதாகவும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த ஒருவருக்குப் பாசிட்டிவ் வரும். அவரோடு கூட, நோயில்லாத ஏறத்தாழ 130 பேருக்கும் 1:80-இல் பாசிட்டிவ் வரும். தாளை மட்டும் பார்த்து அந்த ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? முடியாது. 130 குடும்பங்கள் இரவு தூங்காமல் இருக்கும், அவ்வளவுதான். பஃபலோ ரோட்டில் நம்மை நிறுத்திய அம்மாளின் மகள் அந்த 130 பேரில் ஒருத்தி.

தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும், வயது முதிர்ந்தவர்களுக்கும், சில தொற்றுகளுக்குப் பிறகும் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் ஆகலாம். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட், இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரலசீன் போன்ற மருந்துகளாலும் ஆகலாம். ஆகையால் மருத்துவரிடம் போகும்போது, சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்தையும் சேர்த்தே, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

அப்படியானால் இச்சோதனையால் என்ன பயன் என்று கேட்கலாம். இதன் பலம் 'இல்லை' என்று சொல்வதில் இருக்கிறது. லூபஸ் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டுப் பேருக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ்வாக இருக்கும். எனவே முறையாகச் செய்த சோதனையில் நெகட்டிவ் வந்தால், மருத்துவர் பெரும்பாலும் வேறு காரணத்தைத் தேடலாம். 2019-இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டு விதிகளிலும் ஏ.என்.ஏ. 1:80 என்பது வாசற்படி மட்டுமே. உள்ளே நுழைந்தபின் ஒவ்வோர் அறிகுறிக்கும் மதிப்பெண் உண்டு. பத்து மதிப்பெண் வர வேண்டும். இதில் ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். எதிர்ப்பொருள் போன்ற நோயெதிர்ப்புச் சோதனைகளால் மட்டும் எத்தனை மதிப்பெண் சேர்ந்தாலும் போதாது. மருத்துவ அறிகுறி ஒன்றாவது இருந்தாக வேண்டும். இவ்விதிகள் ஆராய்ச்சிக்காக வகுத்தவை, ஆனாலும் மருத்துவர்களின் எண்ணப்போக்கு அதில் தெரிகிறது.

அடுத்த படியில் வருவது இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள். இதைக் காணும் முறைகளில் ஒன்று வேடிக்கையானது. ஈயின் குடலில் வாழும் கிரித்திடியா என்ற ஓரணு உயிரி இதற்கு உதவுகிறது. அதன் உடலில் ஓர் இடத்தில் டி.என்.ஏ. மட்டும் திரண்டு கிடப்பதால், நோயாளியின் எதிர்ப்பொருள் சரியாக அங்கே போய் ஒட்டி ஒளிரும். நாம் கையால் விரட்டுகிற ஈ இப்படியும் நமக்கு உதவுகிறது! லூபஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பேரிடம் இந்த எதிர்ப்பொருள் காணப்படும். சிறுநீரகம் பாதிக்கப்படுவதோடு இதற்குத் தொடர்பு உண்டு. இதோடு சி3, சி4 என்ற இரு புரதங்களையும் அளப்பார்கள். நோய் மூளும்போது இவை செலவழிந்து குறையும். ஆக, எதிர்ப்பொருள் ஏறி, சி3, சி4 இறங்கினால் மருத்துவர் விழிப்பாகிவிடுவார். ஏ.என்.ஏ. சோதனையை மீண்டும் மீண்டும் செய்வதால் பயனில்லை. இவற்றை மீண்டும் மீண்டும் பார்ப்பதில் பயனுண்டு.

எதிர்ப்பொருள் சோதனை ஏமாற்றுவது புதிய கதையன்று. மேகநோய் எனப்படும் சிபிலிசுக்குக் கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதிக்கும் பழைய முறையில், மாட்டு இதயத்திலிருந்து எடுத்த கார்டியோலிபின் என்ற கொழுப்புப் பொருளைப் பயன்படுத்தினார்கள். சில பெண்களுக்கு அந்நோய் இல்லாமலே பாசிட்டிவ் வந்தது. ஒழுக்கத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசப்பட்ட நோய் அது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கணவர் முன்னாலும் மாமியார் முன்னாலும் ஒரு பெண் எப்படி நின்றிருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள். 1950-களில் மருத்துவர்கள் கவனித்தார்கள்: இவ்வாறு பொய்யாகப் பாசிட்டிவ் வந்தவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் லூபஸ் வந்தது. அந்தக் கொழுப்பைப் பற்றும் எதிர்ப்பொருள், இரத்தம் கட்டிப்போவதற்கும் கரு அடிக்கடி கலைவதற்கும் காரணமாகிறது என்பதை 1983-இல் இலண்டனில் கிரஹாம் ஹியூஸ் விளக்கினார். இன்று ஒரு பெண்ணுக்குக் கரு திரும்பத் திரும்பக் கலைந்தால், இவ்வெதிர்ப்பொருள்களைத் தேடுகிறார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் சோதித்து, இரண்டு முறையும் இருந்தால்தான் ஏற்கிறார்கள். 'ராசியில்லாதவள்' என்று நம் வீடுகளில் பேச்சு வாங்கிய பெண்களில் எத்தனை பேருக்கு இது இருந்ததோ!

'ரோ' என்று ஓர் எதிர்ப்பொருளும் உண்டு. கர்ப்பிணியின் இரத்தத்தில் இது இருந்தால், நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குக் கருவிலேயே இதயத் துடிப்புத் தடைபடலாம். ஆகவே ரோ உள்ள பெண் கருவுற்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புக்கிட் தீமா சாலையில், லிட்டில் இந்தியாவுக்கு அருகிலேயே கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் கருவின் துடிப்பை அவ்வப்போது கேட்டுப் பார்க்க முடியும். லூபஸ் உள்ளவள் தாயாகக் கூடாது என்று சொன்ன காலம் போய்விட்டது. நோய் அடங்கியிருக்கும்போது, மருத்துவருடன் கலந்து திட்டமிட்டால், பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள்.

இனி, மனத்தை உறுத்தும் ஒரு கேள்வி. இன்று நலமாக இருக்கும் பெண்ணுக்கு நாளை வராதா? அமெரிக்கப் படையினரின் இரத்தத்தை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்திருந்தார்கள். பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரின் பழைய இரத்தத்தை எடுத்துச் சோதித்ததில், நூற்றுக்கு 88 பேருக்கு நோய் தெரிவதற்கு முன்பே ஏதேனும் ஓர் எதிர்ப்பொருள் இருந்தது. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே. இது 2003-இல் வெளிவந்த செய்தி. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நோய் வந்தவர்களைப் பின்னோக்கிப் பார்த்த கணக்கு இது. பாசிட்டிவ் வந்தவர்களை முன்னோக்கிப் பார்த்தால், மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வருவதே இல்லை. அந்த அம்மாளிடமும் இதையே சொன்னோம். மூட்டு வீக்கம், வெயில் பட்டால் தடிப்பு, வாய்ப்புண், காரணமில்லாத காய்ச்சல், நெஞ்சு வலி, சிறுநீரில் நுரை ஆகியவற்றில் ஏதாவது வந்தால் உடனே காட்டட்டும். இல்லாவிட்டால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல ஒரு நோயும் இல்லை.

ஈசூன் பெண்ணின் கன்னத்துக் கருமைக்கு வருவோம். மருத்துவ நூல்களில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவந்த தடிப்பு என்று எழுதியிருக்கும். படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியாது. கருத்தும் ஊதா கலந்தும் தெரியும். வெயிலில் கறுத்துவிட்டது என்று நாமே காரணம் சொல்லிக்கொள்கிறோம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு வெயில் ஒரு சாக்கும் ஆகிறது. இந்நோயைத் தூண்டும் காரணமும் ஆகிறது.

அவருக்கு ஏ.என்.ஏ. 1:640, டி.என்.ஏ. எதிர்ப்பொருள் மிகுதி, சி3, சி4 இரண்டும் குறைவு, சிறுநீரில் புரதம். இங்கே ஒவ்வொரு சாட்சியும் மற்றொன்றை உறுதிப்படுத்துகிறது. சிறுநீரகத்திலிருந்து ஊசியால் மிகச் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்து மருந்தை முடிவு செய்தார்கள்.

இதற்கான சிகிச்சையில் சிங்கப்பூருக்கு நெடிய அனுபவம் உண்டு. ஃபெங், ஜெயரத்தினம் முதலிய சிங்கப்பூர் மருத்துவர்கள், சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொண்டு லூபஸைக் கையாண்ட ஏழாண்டு அனுபவத்தை 1973-இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 1950-களில் இந்நோய் கண்டவர்களில் பாதிப் பேர் நான்கைந்து ஆண்டுகளைத் தாண்டுவதே அரிதாக இருந்தது. இன்று ஐந்தாண்டைத் தாண்டுபவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். சிராங்கூன் சாலையிலிருந்து அதிகத் தொலைவில்லாத நொவீனாவில், டான் டோக் செங் மருத்துவமனையில் மூட்டுநோய்ப் பிரிவு இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிச் செல்லலாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம். உடம்பு தேறிவிட்டது என்று ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை நலமாக இருக்கும்போதும் தொடர வேண்டியது. அதற்காகக் கண்ணைக் குறித்த காலத்தில் காட்ட வேண்டும். சிறுநீரகத்தில் நோய் மூளும்போது வலிக்காது. ஆகையால் 'வலி இல்லையே' என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

மேலே சொன்ன சோதனைகளில் சில விலை கூடியவை. ஆனால் ஈசூன் பெண்ணுக்குத் தொடக்கத்திலேயே துப்புக் கொடுத்திருக்கக்கூடியது மிகவும் மலிவானது. ஒரு சிறு குப்பியில் சிறுநீர், அதில் நனைக்கும் ஒரு பட்டைத்தாள். ஓரிரு நிமிட வேலை. இப்போது மருத்துவர் குறிக்கும் நாள்களில் அவர் காலையில் அந்தக் குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுகிறார். போன முறை புரதம் வெகுவாகக் குறைந்திருந்தது. கூடப் போய்வருபவர் அண்ணிதான்.